ஆள்: ‘நபர்’ என்ற சொல்லும் பேசும் இயந்திரமும்

கடலூர் முதுநகரில் இருக்கும் என் பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் போன மாதம் 590 ரூபாய் பிடித்துவிட்டார்கள். எதற்கென்று தெரியவில்லை. வங்கியின் செயலியைத் திறந்து புகார் எழுதினேன். எழுதி முடிக்கும் முன்பே பதில் வந்து நின்றது: ‘உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. நான் உதவுகிறேன்.’ மூன்று தடவை கேட்டோம், மூன்று தடவையும் இதையே வேறு வேறு சொல்லில் சொன்னது. பணம் ஏன் போனது என்பதை மட்டும் சொல்லவில்லை. பெரியம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்: “யாருடா இது பேசறது?”

“மெஷின், பெரியம்மா.”

“அப்ப ஆளு எப்ப வரும்?”

செயற்கை நுண்ணறிவை ஒரு ‘நபர்’ என்று கொள்ளலாமா என்ற விவாதம் உலகம் முழுக்க நடக்கிறது. தமிழில் அதைப் பேசுகிறவர்கள் முதலில் சொல்லைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பெரியம்மா வாயில் வந்த ‘ஆள்’தான் அதற்குரிய தமிழ்ச் சொல். அந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டால் கேள்வியே தெளிந்துவிடுகிறது.

‘நபர்’ அரபுச் சொல். மூலம் ‘நஃபர்’. பாரசீகத்தில் ஆட்களை எண்ணும்போது எண்ணோடு சேர்த்துச் சொல்வார்கள். உருது வழியாக நம்மிடம் வந்தது. எண்ணிக்கை வாடை இன்றும் போகவில்லை: ‘காரில் வந்த 4 நபர்கள்’, ‘அடையாளம் தெரியாத நபர்’. ‘ஆசாமி’யும் அரபுதான். ‘இஸ்ம்’ என்றால் பெயர், அதன் பன்மையிலிருந்து பிறந்தது. நிலவரிக் கணக்கில் பெயர் ஏறியவர் ஆசாமி. பெயரைக் குறிக்கவே வந்த சொல், கடைசியில் பெயர் தெரியாதவரைக் குறிக்க நின்றுவிட்டது.

ஆங்கிலத்தின் ‘பெர்சன்’, புதுச்சேரியின் பழைய பத்திரங்களில் வரும் பிரெஞ்சு ‘பெர்சோன்’ இரண்டுக்கும் தாய் இலத்தீனின் ‘பெர்சோனா’. அதற்கு நாடக முகமூடி என்று பொருள். இன்னொரு விந்தை: பிரெஞ்சில் எதிர்மறையோடு சேர்ந்தால் அதே ‘பெர்சோன்’ ‘யாருமில்லை’ என்றாகிவிடும்.

முகமூடி மேடையிலிருந்து சட்டத்துக்குள் போனது. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1881இல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு உட்பட விரும்பியவர்கள் எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொண்டார்கள். அவர்களைத்தான் ‘ரெனோன்சான்’ என்கிறோம். எழுதிக் கொடுத்த மறுநாளும் அதே மனிதர்தான் அதே தெருவில் நடந்தார். சட்டம் அவருக்குக் கொடுத்த முகம்தான் மாறியது. அதே பிரெஞ்சுச் சட்டம், உடலுள்ள மனிதரை ஒரு வகைப் ‘பெர்சோன்’ என்றும், நிறுவனத்தை வேறொரு வகைப் ‘பெர்சோன்’ என்றும் சொல்லும்.

நம் நீதிமன்றங்களில் கோயில் மூர்த்தியும் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள். பெயரில் சொத்து இருக்கலாம், வழக்குத் தொடுக்கலாம். பத்தூரிலிருந்து களவுபோய் லண்டன் சேர்ந்த நடராசர் சிலைக்காக அங்கே நடந்த வழக்கில், இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலையே ஒரு தரப்பாக 1991இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ‘கல்லுக்கும் கட்டடத்துக்கும் கொடுத்ததை இயந்திரத்துக்கு ஏன் கொடுக்கக்கூடாது’ என்று கேட்பார்கள். கொடுக்கலாம், சட்டத்தால் முடியும். ஆனால் கோயில் என்ற முகத்துக்குப் பின்னால் கும்பிடுகிறவர்களும், கணக்குக் காட்டவேண்டிய அறங்காவலர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொருளைக் காப்பதற்குத்தான் அந்த முகம். 2017இல் ஐரோப்பிய நாடாளுமன்றம், தாமே முடிவெடுக்கும் எந்திரங்களுக்கு ‘மின்னணு ஆள்’ என்றொரு நிலை தரலாமா என்று ஆராயச் சொன்னபோது பல வல்லுநர்கள் எதிர்த்தது இதனால்தான். எந்திரம் சேதம் செய்தால் அந்த எந்திரத்தைத் தயாரித்தவரும் விற்றவரும் அந்த முகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள் என்று அஞ்சினார்கள். என் அச்சமும் அதுவே. 590 ரூபாய்க்கே பதில் சொல்ல ஆள் வரவில்லை.

‘அது நான் என்று சொல்கிறதே’ என்பது அடுத்த வாதம். 2022இல் கூகுள் பொறியாளர் பிளேக் லெமாயின், அங்கே உருவான லாம்டா என்ற உரையாடல் நிரலுக்கு உணர்வு உண்டு என்று சொன்னார். கூகுள் அதை மறுத்தது, பிறகு அவரை வேலையிலிருந்து நீக்கியது. இங்கே தமிழ் இலக்கணம் ஒரு பெரிய வெளிச்சம் தருகிறது. நான், நீ, அவன் என்ற மூன்றையும் ஐரோப்பிய இலக்கணங்கள் ‘பெர்சன்’ என்றே, அதாவது அந்த முகமூடிச் சொல்லாலேயே குறிக்கின்றன. தொல்காப்பியம் அவற்றை ‘இடம்’ என்கிறது: தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் ‘அம்மூவிடம்’. ‘நான்’ என்பது ஒரு நிற்குமிடம். யார் வேண்டுமானாலும் அதில் வந்து நிற்கலாம். எங்கள் பக்கத்துத் துரோபதையம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, பெண் வேடம் கட்டியவர் விரித்த கூந்தலோடு ‘நான்’ என்கிறார். அந்த நான் துரோபதையுடையது. விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவினால், கீழே தொண்டை கட்டிப்போன ஓர் ஆள் உட்கார்ந்து டீ கேட்பார். மனிதர் எழுதிக் குவித்ததிலிருந்து அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்துக் கோக்கும் நிரலும் அதே இடத்தில்தான் நின்று பேசுகிறது. நாம் அப்படி எழுதியிருப்பதால் அதுவும் ‘நான்’ என்கிறது. அரிதாரத்தைக் கழுவினால் டீ கேட்க அங்கே யாரும் இல்லை.

வினைமுற்று இதைத் தீர்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘குழந்தை அழுகிறது’ என்று அஃறிணையில் சொல்வதால் குழந்தை ஆள் இல்லாமல் போய்விடுமா? பெரியம்மாவும் ‘ஆளு எப்ப வரும்’ என்றுதான் கேட்டார். அதேபோல் நிரலை ‘அவர்’ என்று மரியாதையாக எழுதிவிட்டதால் அது உயர்திணை ஏறிவிடாது.

இனி ‘ஆள்’. ஆளுதல் என்ற வினையும் இதே உருவம்தான், ஆளுமை, ஆட்சி, ஆள்வினை எல்லாம் அந்தக் குடும்பம். ஆள்கிறவரும் ஆள், ஒருவருக்கு அடிமைப்பட்டவரும் ஆள். இரண்டு முனையும் ஒரே சொல்லில் இருப்பதுதான் எனக்குப் பிடித்தது. பழைய தென்னார்க்காட்டில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வதைப் பாருங்கள். கலியாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து சுந்தரரை ‘இவன் என் ஆள்’ என்கிறார், அடிமை என்று எழுதிய ஆளோலையைக் காட்டுகிறார். சுந்தரர் ஓடிப்போய் அதைப் பிடுங்கிக் கிழிக்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. கிழவரிடம் மூல ஓலை இருக்கிறது, சுந்தரர் தோற்கிறார், கட்டுப்படுகிறார். கோபப்படவும், மறுக்கவும், அவையில் நிற்கவும், தோற்றபின் சொல்லுக்குக் கட்டுப்படவும் முடிந்ததால்தான் அவர் ஆள். ஒப்பந்தத்தில் மாட்டவும் முடியாத, அதைக் கிழிக்கவும் தோன்றாத ஒன்றை அந்தச் சொல்லால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மக்கள் வழக்கு இதை எப்போதோ முடிவுசெய்துவிட்டது. தானாகப் பறப்பதை ‘ஆளில்லா விமானம்’ என்றோம். காவலர் இல்லாத ரயில்வே கேட்டை ‘ஆளில்லாத கேட்’ என்றோம். எவ்வளவு திறமையாக ஓடினாலும் உள்ளே ஆள் உண்டா என்பதைத் தனியாகக் கேட்கிற மொழி இது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு என் பரிந்துரை: பேச்சிலும் கட்டுரையிலும் ‘ஆள்’. நிறுவனம், மூர்த்தி போன்றவற்றுக்குச் ‘சட்ட ஆள்’. ‘ஆளுமை’ ஒருவரின் குணச்சிறப்பைக் குறிக்கப் பழகிவிட்டதால், ஆளாக இருக்கும் தன்மைக்கு அதைப் போட்டால் குழப்பம்தான். அதற்கு ‘ஆள்தன்மை’ என்று எழுதலாம். புணர்ச்சி விதிப்படி ‘ஆட்டன்மை’ என்று வரவேண்டும், ஆனால் படிக்கிறவருக்கு ஆடு நினைவுக்கு வரும். பிரித்தே எழுதுங்கள்.