காதுக்குள் நிற்கும் ஸ்பிரிங் சத்தம்

காது இரைச்சல் என்று என்னிடம் வருகிற ஐம்பது, அறுபது வயது ஆண்களில் சிலர் அந்த இரைச்சலுக்கு ஒரு பெயரோடேயே வருகிறார்கள். "புள்ள, துவக்கின்ட ஸ்பிரிங் சத்தம் இன்னும் காதுக்குள்ள நிக்குது." யார் கையில் எந்தக் காலத்தில் என்ன துவக்கு இருந்தது என்று நான் கேட்பதில்லை. மட்டக்களப்பில் அந்தக் கேள்விக்குப் பல பதில்கள் உண்டு. செவிப்புலன் பரிசோதிக்கிறவளுக்கு அவற்றில் ஒன்றும் தேவையில்லை. எவ்வளவு காலம், எந்தத் தோள், காதில் ஏதாவது வைத்திருந்தீர்களா என்பவை தெரிந்தால் போதும்.

அவர்கள் சொல்லும் ஸ்பிரிங் கற்பனை அல்ல. ரி-56 என்ற சீனத் துவக்கு பரவுவதற்கு முன் இங்கே இருந்த எஸ்.எல்.ஆர். ரைபிள் போன்ற துவக்குகளில் ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் என்ற இரும்புத் துண்டு பின்னால் ஓடி, தோளில் வைக்கும் பின்பகுதியான சோங்குக்குள் இருக்கும் நீளமான ஸ்பிரிங்கை அமுக்கும். ஸ்பிரிங் அதைத் திரும்ப முன்னால் தள்ளும். எம்-16 வகையிலும் ஸ்பிரிங் சோங்குக் குழாயில்தான் இருக்கிறது, அதற்கு முன்னால் பஃபர் என்ற எடைத்துண்டு ஒன்றும் உண்டு. கிரீஸ் காய்ந்துபோனால் ஸ்பிரிங்கின் சுருள்கள் குழாய்ச் சுவரில் உரசி 'கிர்ர்ங்' என்று அதிரும். ரி-56இல் ஸ்பிரிங் சோங்குக்குள் இல்லை, மேல் மூடிக்குக் கீழே இருக்கிறது. அதைப் பிடித்தவர்கள் இந்தச் சத்தத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

குறி பார்க்கும்போது கன்னம் சோங்கில் அழுந்தியிருக்கும். அந்த அதிர்வு காற்றில் வரத் தேவையில்லை, கன்ன எலும்பு வழியாக நேரே உட்காதுக்குப் போய்விடும். இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டு 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள். சத்தம் கூடித்தானே கேட்கிறது? காதின் வாய் அடைபட்டதும் எலும்பு வழியாக வருவது பெரிதாகிவிடுகிறது. காதடைப்பான் போட்டுக்கொண்டு சுடுகிறவர்களுக்கு ஸ்பிரிங் சத்தம் தெளிவாகக் கேட்பதற்கும் ஒரு பெரிய காரணம் இதுதான். "இதைப் போட்டால் துவக்கு கிறீச்சிடுது" என்று காதடைப்பானைக் கழற்றி வைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து கழற்றாதீர்கள். ஸ்பிரிங் கேட்கிறது என்றால் காதடைப்பான் தன் வேலையைச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காதைக் கெடுத்தது ஸ்பிரிங் அல்ல, வெடி. ரைபிள் வெடியின் உச்சம் சுடுகிறவரின் காதருகே 150 டெசிபெலைத் தாண்டும், சிலவற்றில் 170ஐ நெருங்கும். இப்படித் திடீரென்று வரும் சத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை பெரியவர்களுக்கு 140, சிறுவர்களுக்கு 120. பெரிய சத்தம் வந்தால் நடுக்காதில் ஒரு சிறு தசை இறுகி ஓரளவு காப்பாற்றப் பார்க்கும். ஆனால் அது இறுகி முடிவதற்குள் வெடி உள்ளே போய்விடும். உட்காதில் சத்தத்தை உணரும் மயிர்க்கலங்கள் காற்றில் சாய்ந்த வேளாண்மை போலப் படுத்துவிடும். சில கலங்கள் மறுநாளைக்குள் எழும்பும். அதனால்தான் "அடுத்த நாள் சரியாப் போச்சு" என்கிறார்கள். எழும்பாதவை எழும்பாதவைதான், மனிதக் காதில் அவை புதிதாக முளைப்பதில்லை.

பரிசோதனைத் தாளில் இது ஒரு பள்ளமாக விழும். கீச்சென்ற உயர்ந்த சுருதியான 4000 ஹேர்ட்ஸ் பக்கம் கோடு இறங்கி, 8000இல் கொஞ்சம் ஏறும். காதுத் துளையைத் தவிர்த்து, அதிரும் கருவியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துப் பார்த்தாலும் 4000இல் அதே இறக்கம் தெரியும். ஆகவே இது காதுக்குடும்பிப் பிரச்சினை அல்ல. வலது தோளில் வைத்துச் சுட்டவருக்குப் பெரும்பாலும் இடது காதில்தான் பள்ளம் கூட ஆழமாக இருக்கும். துவக்கின் வாய்ப் பக்கம் இடது காது பார்த்திருக்கும், வலது காதைத் தலையே கொஞ்சம் மறைத்துவிடும்.

வீட்டில் அவர் காதுகேளாதவர் போலத் தெரிய மாட்டார். பேச்சின் சத்தம் கேட்கும், எழுத்துகள் பிரியாது. மனைவி "காசு" என்றாலும் "காது" என்றாலும் அவருக்கு ஒன்றுதான். இதனால் எத்தனை வீடுகளில் "வேணுமென்று கேளாத மாதிரி இருக்கிறார்" என்று சண்டை! பரிசோதனைத் தாளை மனைவிக்கும் மகளுக்கும் காட்டி விளக்குவதை என் வேலையின் முக்கியமான பகுதியாகவே நினைக்கிறேன். அந்த 'கிர்ர்ங்' ஸ்பிரிங் மிச்சம் வைத்த சத்தம் அல்ல, கலங்கள் போன இடத்தில் மூளை தானாக உண்டாக்கும் இரைச்சல் என்று சொன்னதும் சிலருக்கு முகமே மாறிவிடும். செவிப்புலக் கருவி போட்டுப் பேச்சு தெளிந்ததும் பலருக்கு இரைச்சலும் பின்னுக்குப் போகிறது.

இது முடிந்துபோன காலத்தின் கதையும் அல்ல. படுவான்கரையிலும் அம்பாறை வயல்களிலும் யானையை விரட்டப் போடும் யானை வெடி இன்றும் கையில்தான் இருக்கிறது. பன்றிக்கு அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தகரக் கூரை வாடிக்குள் நின்று வெடி வைத்தால் கூரையும் சுவரும் சத்தத்தைத் திரும்ப உங்கள் மேலேயே கொட்டும், வெளியே வந்து விடுங்கள். காவலுக்குப் பிள்ளையைக் கூட்டிப்போகாதீர்கள். பஞ்சு போதாது. நுரைக் காதடைப்பானைச் சுத்தமான விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சும்மா அலங்காரம். ரைபிளுக்கு அதன் மேல், காதை முழுதாக மூடும் காதுறையும் வேண்டும்.

வெடிக்குப் பிறகு காது அடைத்து, மறுநாளும் திறக்காவிட்டால், அல்லது இரத்தமோ நீரோ வந்தால், அன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ உங்களுக்குக் கிட்டிய பெரிய வைத்தியசாலைக்கோ போங்கள். சில பாதிப்புகளுக்கு முதல் நாட்களில் தொடங்கும் மருந்துதான் பலன் தரும், ஒரு மாதம் கழித்து வந்தால் அந்த வழி அடைபட்டிருக்கலாம். அதுவரை உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது நேரே நடுக்காதுக்குள் இறங்கும். குளிக்கும்போதும் தண்ணீர் போகாமல் பார்த்து, காதை உலர்ந்தபடியே கொண்டுவாருங்கள்.