காற்றுதானே என்று விட்டுவிடும் கசிவுகள்

கோவையைச் சுற்றியுள்ள வார்ப்படத் தொழிற்சாலைகளிலும் நூற்பாலைகளிலும் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். ஐரோப்பாவுக்கு உதிரிபாகம் அனுப்புகிறவர்களிடம், ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கரியமில வாயு வெளியாகிறது என்ற கணக்கை வாங்குவோர் கேட்கத் தொடங்கியதிலிருந்து, என்னை அழைக்கும் முதலாளிகளின் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "கூரையில் எத்தனை கிலோவாட் சோலார் போடலாம்?" பதில் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கேட்பேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, 200 கிலோவாட் சோலாருக்குத் தயாராக இருந்த ஒரு வார்ப்படத் தொழிற்சாலைக்குச் சென்றேன். எந்த இயந்திரமும் ஓடவில்லை. இயந்திரங்களுக்கு அழுத்தப்பட்ட காற்றைத் தரும் 45 கிலோவாட் கம்பிரசரை மட்டும் ஓடவிட்டு, அழுத்தம் ஏறியபின் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவருக்கும் காற்று தேவைப்படாத அந்த நேரத்தில், கம்பிரசர் 2 நிமிடம் லோடில் (காற்றை அழுத்தியபடி) ஓடியது, 3 நிமிடம் அன்லோடில் (காற்றை அழுத்தாமல்) நின்றது. திரும்பத் திரும்ப அதே கணக்கு. ஐந்தில் இரண்டு பங்கு நேரம் அது கசிவுக்காகவே உழைத்தது என்று பொருள். அதாவது 40 விழுக்காடு. நன்றாகப் பராமரிக்கப்படும் ஆலையில் இது 10 விழுக்காட்டுக்குள் இருக்கும். பராமரிப்புப் பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே, "காத்துதானுங்க சார், காசா பணமா?" என்றார்.

காசுதான், அதுவும் ஆலையிலேயே விலை கூடிய சரக்கு. கம்பிரசருக்குள் போகும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது; பயனுள்ள வேலையாக நம் கைக்கு வருவது ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடுதான். 7 பார் அழுத்தம் உள்ள குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், அதன் வழியே வீணாகும் காற்றை உருவாக்க ஏறக்குறைய மூன்றரை கிலோவாட் தேவை. மூன்று ஷிப்டும் ஓடும் ஆலையில் அது நாளொன்றுக்கு 84 யூனிட். ஒரு கிலோவாட் சோலார் நம் ஊரில் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஆக, நெல்மணி அளவுள்ள ஓர் ஓட்டைக்குத் தீனி போட 21 கிலோவாட் சோலாரும், அதைத் தாங்க ஏறத்தாழ 2,000 சதுர அடி கூரையும் வேண்டும். அந்த ஓட்டையை அடைப்பதற்கு ஒரு ஹோஸ் கிளிப்போ, புதிய கப்ளிங்கோ போதும்.

இதில் கவனிக்கத் தவறும் இன்னொன்றும் உண்டு. சோலார் பகலில் மட்டுமே தரும்; கசிவோ இரவு ஷிப்டிலும் ஓயாது. ஆடிக் காற்று வீசும் மாதங்களில் காற்றாலைகள் இரவிலும் கைகொடுக்கின்றன என்றாலும், மற்ற மாதங்களில் நள்ளிரவுக் கசிவுக்கான மின்சாரம் பெரும்பாலும் மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை போன்ற இடங்களில் எரியும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 300 நாள் ஓடும் ஆலையில் அந்த ஒற்றை ஓட்டையின் பங்கு 17 டன்னுக்கு மேல்.

ஏன் இது யார் கண்ணிலும் படுவதில்லை? சோலார் தகடுகளைப் படம் எடுத்துப் போடலாம், விருந்தினரை அழைத்துக் காட்டலாம். அடைக்கப்பட்ட ஓட்டையைக் காட்டி யாரும் பெருமை பேச முடியாது. மின்கட்டணம் கணக்குப் பிரிவுக்குப் போகிறது, ஓட்டை உற்பத்திப் பிரிவில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிய ஆலையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

அந்த வார்ப்படத் தொழிற்சாலையில் சோப்பு நுரையும் தூரிகையுமாக இரண்டு நாள் குழாய்வழியே நடந்தோம். கப்ளிங், வால்வு, தண்ணீர் வடிக்கும் டிரெயின், ஃபில்டர் ரெகுலேட்டர் என்று நுரை பொங்கிய இடமெல்லாம் அடையாளத்துக்கு அட்டை கட்டினோம். உலைக்கருகில் ஒரு தொழிலாளி காற்றுக் குழாயைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றார். அது ஆபத்தான பழக்கம், தோலைத் துளைத்துக் காற்று உள்ளே போகலாம். ஆனால் அந்த அனலில் நின்றவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரை கிலோவாட்டுக்கும் குறைவாக இழுக்கும் பெரிய மின்விசிறி ஒன்றை அங்கே வைக்கச் சொன்னேன்.

வீடுகளிலும் இதே கதைதான், வாயு மட்டும் வேறு. ஏசி குளிரவில்லை என்றதும் மெக்கானிக்கை அழைத்து "கேஸ் டாப்-அப்" செய்துகொள்வது, ஆண்டுதோறும் வரும் திருவிழாவைப் போல ஆகிவிட்டது. ஏசியின் கேஸ் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருளே கிடையாது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது, அவ்வளவுதான். பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ என்னும் வாயு, எடைக்கு எடை பார்த்தால் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 2,000 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அரைக் கிலோ கசிந்தால் ஒரு டன் கரியமில வாயுவுக்குச் சமம். ஏறத்தாழ 1,500 யூனிட் மின்சாரத்தைச் செலவழித்ததற்கு ஈடு. 26 டிகிரியில் வைத்துச் சிக்கனமாகப் பயன்படுத்தியவரின் சேமிப்பெல்லாம் ஒரே கசிவில் போய்விடும். எனவே மெக்கானிக்கிடம், முதலில் கசிவைக் கண்டுபிடித்துப் பற்றவைத்து, வேக்குவம் போட்டபிறகே (குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தபிறகே) கேஸ் நிரப்பச் சொல்லுங்கள். பழைய ஏசியைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். புதிதாக வாங்குவதென்றால், நட்சத்திரங்களை எண்ணுவதோடு பெட்டியில் எழுதியுள்ள வாயுவின் பெயரையும் பாருங்கள்: ஆர்-32 என்றால் பாதிப்பு ஆர்-410ஏ-யில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஆர்-290 என்றால் மிகச் சொற்பம்.

நான் சோலாருக்கு எதிரியல்ல; என் வீட்டுக் கூரையிலும் இருக்கிறது. வரிசைதான் முக்கியம் என்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அதே தொழிற்சாலையில் மீண்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்றோம். கம்பிரசர் அரை நிமிடம் லோடில் ஓடி, 4 நிமிடம் அன்லோடில் நின்றது. கசிவு 11 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. அழுத்தத்தையும் 1 பார் குறைத்திருந்தார்கள். அதில் மட்டும் கம்பிரசர் மின்சாரத்தில் 6 முதல் 7 விழுக்காடு மிச்சம். முதலாளி சோலார் கணக்கை மறுபடி கேட்டார். 200 கிலோவாட் தேவைப்பட்ட இடத்தில் இப்போது 150 போதுமானதாக இருந்தது. பராமரிப்புப் பொறுப்பாளர், மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் லோடு, அன்லோடு நிமிடங்களைக் குறிக்க, கம்பிரசர் அறைக் கதவில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.