விகிதாசாரப் பிரதிநிதித்துவம்

இலங்கையில் தேர்தல் வந்தால் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடும் சொல் இது. ஒரு கட்சிக்கு விழுந்த வாக்கு எவ்வளவோ, ஆசனமும் அந்த அளவுக்குக் கிடைக்க வேண்டும். பொருள் அவ்வளவுதான்.

இதன் தேவை 1977 தேர்தலைப் பார்த்தால் விளங்கும். தொகுதிவாரியாக நடந்த அந்தத் தேர்தலில், பாதிக்குச் சற்று மேற்பட்ட வாக்குகளோடு ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ அள்ளியது. ஏறத்தாழ 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. அதில் கால்பங்கு வாக்குகூட இல்லாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வடக்கு கிழக்கில் திரண்ட வாக்குகளால் 18 கிடைத்தது. அந்தக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த ஆண்டு வந்த அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அதன்படி முதல் பொதுத் தேர்தல் நடக்க 1989 ஆகிவிட்டது.

சரி, சொல்லுக்கு வருவோம். விகிதம், பிரதிநிதி இரண்டும் வடசொற்கள். விகிதம் என்றால் வகுத்து வைக்கப்பட்டது. பிரதிநிதி என்றால் ஒன்றுக்குப் பதிலாக வைக்கப்பட்டது. இரண்டுக்கும் ‘வைத்தல்’ என்று பொருள்படும் ஒரே வேர்தான். விதி, நிதி என்பவையும் அந்த வேரில் பிறந்தவையே. சிலர் ‘விகிதாச்சாரம்’ என்று எழுதுகிறார்கள். விகிதத்தோடு ஆசாரம் சேர்ந்த சொல் என்பதால் அந்த ஒற்று வேண்டியதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? பிரதிநிதிக்குச் சார்பாளர் என்பார்கள். ஆனால் சார்பு என்றதும் பக்கச்சார்பும் நினைவுக்கு வந்துவிடுகிறது. பேராளர் என்பது மாநாட்டுக்குப் போகிறவருக்குப் பழகிவிட்டது. படிநிகராளி, அதாவது நமக்கு நிகராக நிற்பவர், பொருளில் மிகப் பொருத்தம், நாவுக்குத்தான் கடினம். விகிதாசாரத்துக்கு விழுக்காடு என்ற அழகான சொல் இருக்கிறது. ‘என் பங்குக்கு இவ்வளவு விழுந்தது’ என்கிறோமே, அந்த விழுதல்தான் அதற்குள் இருக்கிறது. வாக்கையும் ‘விழுந்தது’ என்றுதானே சொல்கிறோம்! ஆகவே பிரதிநிதித்துவத்தோடு மல்லுக்கட்டாமல் ‘விழுக்காட்டுமுறைத் தேர்தல்’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். படிப்பவருக்கு உடனே புரியும்.

அப்புறம், கூடவே தெரிந்துகொள்ள வேண்டியது வெட்டுப்புள்ளி. ஒரு மாவட்டத்தில் அந்த வீதத்துக்குக் கீழே வாக்கெடுத்த கட்சிக்கு ஆசனப் பங்கீட்டில் இடமில்லை. முதலில் அது 12.5 வீதமாக இருந்தது. பல மாவட்டங்களில் சிதறி வாழும் முஸ்லிம், மலையக மக்களின் கட்சிகளுக்கு அது ஏற முடியாத மதில். 1988இல் 15ஆம் திருத்தம் அதை 5 வீதமாகக் குறைத்தது. அந்தக் குறைப்பைக் கேட்டுப் பெற்றதில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப்புக்குப் பெரும் பங்கு உண்டு.