தண்ணீர் முள் சரியாக நிற்கிறது, பிறகு ஏன் கரும்புகை?

விசைப்படகு மடியை (இழுவலையை) இழுக்கிறது. இன்ஜின் கரும்புகை கக்குகிறது, சுற்று இறங்குகிறது. வீல்ஹவுஸில் (படகை ஓட்டும் அறையில்) தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் முள்ளோ 80 டிகிரியில் அசையாமல் நிற்கிறது. உடனே டீசலைத் தெளிக்கும் நாசிலையும் டீசல் பம்பையும் கழற்றுவதுதான் வழக்கம். அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இன்ஜின் அறையின் மூடியை முழுதாகத் திறந்துவிட்டு, அதே இழுவையில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சுற்று ஏறி, புகையின் கறுப்பு குறைந்தால் குறை இன்ஜினில் இல்லை, அது உட்கார்ந்திருக்கும் அறையில்தான்.

கடல்நீர் ஆற்றுவது இன்ஜினுக்குள் சுற்றும் நன்னீரைத்தான். அறையை அல்ல. முள் காட்டுவதும் அந்த நன்னீரின் சூட்டை மட்டுமே. 120 குதிரைத்திறன் டீசல் இன்ஜின் முழுச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ 24 லிட்டர் எரிக்கிறது என்று வையுங்கள். அந்த டீசல் தரும் வெப்பம் சுமார் 235 கிலோவாட். அதில் 90 கிலோவாட் புரொப்பல்லருக்குப் போகிறது. மீதியில் பெரும்பங்கை புகையும் தண்ணீரும் வெளியே கொண்டுபோகின்றன. ஆனால் மொத்த வெப்பத்தில் 5 சதவீதம் அளவுக்கு இன்ஜினின் வெளிப்பரப்பிலிருந்து நேராக அறைக்குள் இறங்குகிறது. கணக்குக்கு 12 கிலோவாட். ஒரு சின்ன மர அறையில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் பன்னிரண்டை அடுக்கி, நாள் முழுக்க அணைக்காமல் வைத்த மாதிரி.

இந்தச் சூட்டை வெளியேற்ற எவ்வளவு காற்று வேண்டும்? ஒரு கன மீட்டர் காற்றின் சூடு ஒரு டிகிரி ஏற சுமார் 1.15 கிலோஜூல் போதும். வெளிக்காற்றைவிட அறை 15 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 42 கன மீட்டர் காற்று அறையைக் கடந்து போக வேண்டும். டீசல் எரிவதற்கு இன்ஜின் இழுக்கும் காற்று இதில் சேராது. 6 லிட்டர் கொள்ளளவு, 2,200 சுற்று, டர்போ இல்லாத இன்ஜின் என்றால் அதற்கு நிமிடத்துக்கு 5.6 கன மீட்டர்தான். இன்ஜின் மூச்சு விடுவதற்குத் தேவையானதைவிட அதை ஆற்றுவதற்கு ஏழெட்டு மடங்கு காற்று தேவை என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. ஏர் ஃபில்டருக்குப் போதுமான ஒரு ஓட்டையைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

வெளியே 35 டிகிரி, ஏர் ஃபில்டர் வாயில் 55 டிகிரி என்றால் காற்று விரிந்து மெலிந்துபோகும். அதே சிலிண்டருக்குள் 6 சதவீதம் குறைவான காற்றுதான் நுழையும். டீசல் பம்புக்கு இது தெரியாது, வழக்கமான அளவையே ஊற்றும். எரியாமல் மிஞ்சும் கரிதான் புகைபோக்கியில் தெரிகிறது. சத்தமில்லாமல் நடப்பது வேறு: பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரின் சார்ஜ் குறையும், பெல்ட்டில் வெடிப்பு விழும், பேட்டரி சீக்கிரம் சாகும். பேட்டரியை இன்ஜின் அறையிலேயே வைத்தாக வேண்டுமென்றால் தரையை ஒட்டி, காற்று நுழையும் பக்கத்தில் வையுங்கள்.

ஆற்றுவதற்கு 42, எரிவதற்கு 5.6, இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு ஏறத்தாழ 48 கன மீட்டர் காற்று, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் நுழைய, அரை மீட்டருக்கு அரை மீட்டர் திறப்பு வேண்டும். வெளியேறும் வழியும் கிட்டத்தட்ட அதே அளவு. சாய்வுத் தகடு, வலை எல்லாம் போக மிஞ்சும் இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். கொசுவலை அடித்தால் பாதி போய்விடும், அதன்மேல் உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் மிச்சமும் போகும்.

படகு ஓடும்போது முன்பக்கக் குழல்கள் தாமே காற்றை அள்ளிக்கொள்ளும் என்பது பாதி உண்மை. மடி இழுக்கும்போது படகின் வேகம் 3 நாட் (மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர்) அளவில்தான் இருக்கும், இன்ஜினோ முழுச் சுமையில் உழைக்கும். பின்காற்று வீசினால் குழல் முன்னே காற்று செத்துக் கிடக்கும். ஆகவே மின்விசிறி வேண்டும். அதை வெளியேற்றும் வழியில், அறையின் உச்சியில் பொருத்துவதே என் பார்வையில் சரி. டீசல் வாடை ஆட்கள் படுக்கும் இடத்துக்கு ஏறாது. ஒரு நிபந்தனை: நுழைவழி தாராளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் விசிறியும் இன்ஜினும் ஒரே காற்றுக்குப் போட்டி போடும், விசிறி போட்டதும் புகை இன்னும் கறுக்கும். விசிறியின் பெட்டியில் போட்டிருக்கும் அளவையும் அப்படியே நம்பக் கூடாது, அது குழாய் எதுவும் மாட்டாத நிலையில் அளந்ததாக இருக்கும். வளைவு வளைவாகக் குழாய் போனால் அதில் பெரும்பகுதி கிடைக்காது.

நுழைவழியும் வெளிவழியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், வந்த காற்று இன்ஜினைத் தொடாமலே திரும்பிவிடும். நுழையும் குழாயை அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்குக்கு இறக்குங்கள். ஆனால் அடியில் தேங்கும் தண்ணீருக்கு மேலேயே அது முடிய வேண்டும், முங்கினால் வழி அடைபட்டுவிடும். வெளிவழி எதிர்க்கோடியில், உச்சியில். அலை தெறிக்கும் இடத்தில் நேர்க்குழாய் வேண்டாம். நடுவில் தடுப்பும் அடியில் வடிதுளையும் வைத்த பெட்டி வழியாகக் காற்றை இறக்கினால் தண்ணீர் பெட்டியிலேயே வடிந்துவிடும், காற்று மட்டும் கீழே போகும்.

விசிறி வாங்குவதற்கு முன் புகைக்குழாயைப் பாருங்கள். உலர்ந்த புகைக்குழாய் அறைக்குள்ளே மேலேறும் படகுகளில் பெரிய குற்றவாளி அதுதான். 10 செ.மீ. விட்டம், வெளிப்பரப்பு 350 டிகிரி என்றால், மூடாத ஒவ்வொரு மீட்டரும் 3 கிலோவாட் அளவுக்கு அறைக்குள் கொட்டும். மூன்று மீட்டர் குழாய் வெறுமனே இருந்தால் கிட்டத்தட்ட இன்ஜினுக்கு நிகரான இன்னொரு அடுப்பு. கண்ணாடி இழைத் துணியோ செராமிக் கம்பளியோ சுற்றி, மேலே அலுமினியத் தகடு போர்த்த வேண்டும். தகடு அழகுக்காக அல்ல. பஞ்சில் டீசல் ஊறினால் அதுவே திரியாகிவிடும். 220 டிகிரிக்கு மேல் சூடேறும் பரப்புகளில் எண்ணெய் பட வாய்ப்பிருந்தால் மூடியே ஆக வேண்டும் என்று பெரிய கப்பல்களுக்கான சோலாஸ் விதி சொல்கிறது. படகிலும் டீசல் அதே சூட்டில்தான் பற்றும்.

இன்ஜினை நிறுத்தியதும் விசிறியையும் நிறுத்துவது இன்னொரு தவறு. தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் பல நூறு கிலோ இரும்பு இன்னும் 80 டிகிரியில் இருக்கும். நிறுத்திய பிறகுதான் அறைக்காற்றின் சூடு உச்சத்துக்குப் போகும். கால் மணி நேரம் விசிறி ஓடட்டும்.

கடல்நீர்ப் பக்கத்து வேலையைக் கிழக்குக் கடற்கரையின் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, செய்துவிடலாம். கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லரைக் கழற்றி வையுங்கள், உள்ளேயே கிடந்தால் இறக்கைகள் வளைந்தபடியே இறுகிவிடும். இறக்கை ஒடிந்திருந்தால் துண்டைத் தேடி எடுக்காமல் விடாதீர்கள், அது கடல்நீர் நன்னீரை ஆற்றும் வெப்பமாற்றியின் குழாய் வாயில்தான் சிக்கியிருக்கும். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் துத்தநாகக் கட்டை பாதி கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

படகில் சமையல் எரிவாயு சிலிண்டர் இருந்தால் உச்சி விசிறியை மட்டும் நம்ப முடியாது. அந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பெட்ரோல் ஆவியும் அப்படித்தான், 3 முதல் 4 மடங்கு கனம். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே வெடிக்கும். அதனால்தான் அமெரிக்காவில் உள்ளே பெட்ரோல் இன்ஜின் வைத்த படகுகளில், வெளியேற்றும் விசிறியின் உறிஞ்சுவாய் அறையின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் இருக்க வேண்டும், இன்ஜினைக் கிளப்புவதற்கு முன் விசிறியை 4 நிமிடம் ஓட்டச் சொல்லும் எச்சரிக்கை ஒட்டியிருக்க வேண்டும் என்று விதி. சிலிண்டரை மேல்தளத்தில் திறந்த இடத்தில் கட்டி வைப்பதே நல்லது.

காற்று வரும் வழியெல்லாம் தீக்கும் வழிதான். ஒவ்வொரு திறப்புக்கும் மூடும் தகடு வேண்டும், அதன் கைப்பிடி அறைக்கு வெளியே இருக்க வேண்டும். விசிறியின் சுவிட்ச் வீல்ஹவுஸில். தீப்பிடித்தால் இன்ஜினையும் விசிறியையும் நிறுத்தி, தகடுகளை மூடிய பிறகுதான் தீயணைக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுவைத் திறக்க வேண்டும். திறப்புகள் மூடாமல் இருந்தால் அடித்த வாயு வந்த வழியே போய்விடும்.