செவ்வாயிலிருந்து கிளம்பும் கல் ஏன் உருகுவதில்லை?

"விண்கல் மோதிய இடமே ஆவியாகிவிடுமே, அங்கிருந்து எப்படி உயிர் கிளம்பும்?" கோளுக்குக் கோள் உயிர் பரவலாம் என்றதும் வாசகர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது.

செவ்வாய்க் கற்கள் பூமிக்கு வந்திருப்பது உறுதி. அண்டார்க்டிகாவில் கிடைத்த ஒரு கல்லின் கண்ணாடிப் பகுதியில் அடைபட்டிருந்த வாயு, 1976இல் வைக்கிங் கலங்கள் அளந்த செவ்வாய்க் காற்றோடு பொருந்தியது. 1984இல் அதே கண்டத்தில் கிடைத்த ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய்க் கல்லின், சூடானால் அழிந்துவிடக்கூடிய காந்தப் பதிவோ, பயணம் முழுவதிலும் அதன் உட்பகுதி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டவில்லை என்கிறது.

இந்த அதிசயம் நடப்பது தரைமட்டத்தில். மோதிய இடத்திலிருந்து அழுத்த அலை பாறைக்குள் பரவுகிறது. நசுக்குவதும் சூடாக்குவதும் இந்த அழுத்தம்தான். ஆனால் மேற்பரப்புக்கு மேலே எதிர்த்து நிற்க எதுவும் இல்லை, எனவே அங்கே அழுத்தம் சுழியமாகத்தான் இருக்க முடியும். அதனால் மேலேறிய நசுக்கலை மேற்பரப்பு இழுவையாக மாற்றித் திருப்பி அனுப்புகிறது. மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் இரண்டும் ஏறக்குறைய ஒரே கணத்தில் சந்திக்கின்றன. நசுக்கலும் இழுவையும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, வேகங்கள் மட்டும் கூடுகின்றன. ஏனென்றால் இரண்டு அலைகளுமே பாறையை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அழுத்தம் குறைவு, வேகமோ கிட்டத்தட்ட இருமடங்கு! நாணயங்களை ஒட்டி வரிசையாக வைத்து ஒரு முனையில் சுண்டினால் கடைசி நாணயம் மட்டும் பறப்பதும் இதனால்தான்: அதற்கு முன்னால் தடுக்க எதுவும் இல்லை. இழுவை பாறையின் தாங்குதிறனை மிஞ்சியதும் அடுக்கு பிய்ந்து பறக்கிறது. 1980களில் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் கோள் அறிவியலாளர் ஜே மெலோஷ். செவ்வாயை விட்டு வெளியேற விநாடிக்கு 5 கி.மீ. வேகம் போதும். பூமியிலிருந்து என்றால் 11.2 கி.மீ. வேண்டும், அடர்ந்த காற்றையும் கிழித்தாக வேண்டும்.

அப்படியும் மிஞ்சும் அதிர்ச்சியைப் பாக்டீரிய வித்துகள் (உறங்கு நிலையிலுள்ள கெட்டியான செல்கள்) தாங்குமா? சோதனையில் 40 ஜிகாபாஸ்கல் (பூமியின் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு) வரை சில பிழைத்தன. விண்வெளியில் முதல் எதிரி புற ஊதாக் கதிர். ஜப்பான் விண்வெளி நிலையத்துக்கு வெளியே நடத்திய தான்போபோ சோதனையில், கதிர்வீச்சைத் தாங்கும் டைனோகாக்கஸ் பாக்டீரியாவின் 0.5 மி.மீ. தடித்த படிவில் வெளியடுக்கு செத்து மறைப்பானது, உள்ளிருந்தவை மூன்றாண்டு தாங்கின. தரையிறக்கம் கடினமானது. விண்வெளியிலிருந்து பூமிக்குத் திரும்பிய மீட்புக்கலத்தின் வெப்பக் கவசத்தில் பதித்த பாறைத் துண்டுகளில் 2 செ.மீ. ஆழத்திலிருந்த நுண்ணுயிர்கூடப் பிழைக்கவில்லை. கல் பெரிதாக இருந்தால்தான் நடுப்பகுதி குளிர்ந்தே இருக்கும்.

விண்மீன்களுக்கிடையே உயிர் பரவும் என்றால் நான் நம்பவில்லை. விநாடிக்கு 26 கி.மீ. வேகத்தில் வேற்று விண்மீன் பகுதியிலிருந்து நம் சூரிய மண்டலத்துக்குள் வந்த ஓமுவாமுவா என்ற பொருளின் வேகத்திலேயே போனாலும், 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள, சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமாவை எட்ட ஏறத்தாழ 49,000 ஆண்டுகள் ஆகும். அதுவும் குறிபார்த்துப் போனால் மட்டுமே. திசையற்று அலையும் கல் ஒரு பாறைக் கோளில் விழுவதற்குப் பல கோடி ஆண்டுகளும் போதாமல் போகலாம். அண்டக்கதிர்களைப் பெரிய கல் தடுத்துவிடும், ஆனால் கல்லுக்குள்ளேயே கதிர்வீச்சை உமிழும் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. அந்தக் கதிர்வீச்சின் அளவை ஆண்டுக்கு 1 மில்லிகிரே (கிரே என்பது உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) என்று வைத்தாலும் ஒரு கோடி ஆண்டில் 10,000 கிரே. டைனோகாக்கஸ் 5,000 கிரே தாங்குவது, உடைந்த டிஎன்ஏவை உடனுக்குடன் ஒட்டிக்கொள்வதால். உறைந்து உறங்கும் செல்லால் அது முடியாது.

ஆகவே பணத்தைச் செவ்வாயில் செலவிட வேண்டும். நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாய்ப் பாறைகளால் நிரப்பிய மாதிரிக் குழாய்கள் இன்னும் அங்கேயே கிடக்கின்றன. அவற்றைக் கொண்டுவரத் தயங்குவது பெரிய தவறு. அவற்றில் உயிரின் தடயம் இருந்து, அதுவும் நம்முடையதைப் போன்ற மரபுக் குறியீட்டையே பயன்படுத்தியிருந்தால், இரு கோள்களும் உறவுக்காரர்கள் என்று அடித்துச் சொல்லலாம்.