கியூரி வெப்பநிலை: காந்தம் விடுமுன் காந்தல்

ரைஸ் குக்கரில் சோறு வெந்ததும் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதற்குப் பின்னால் இருக்கும் சொல் இது. ஒரு பொருள் எந்தச் சூட்டில் தன் காந்தக் குணத்தை விட்டுவிடுகிறதோ, அதுவே அதன் கியூரி வெப்பநிலை. இரும்புக்கு 770 பாகை செல்சியஸ், நிக்கலுக்குச் சுமார் 358. மேரி கியூரியின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவர் கணவர் பியருடையது. சூடு ஏற ஏறக் காந்தம் என்ன ஆகிறது என்று அளந்து, 1895இல் முனைவர் பட்டம் வாங்கியவர். (கல்யாணமும் அதே ஆண்டுதான்.)

குக்கர் சட்டியின் அடியைத் தொட்டபடி ஒரு ஃபெரைட் (காந்தம் ஈர்க்கும், இரும்பு ஆக்சைடு கலந்த பீங்கான் போன்ற பொருள்) துண்டு இருக்கும். பொத்தானை அழுத்தினால் கீழே உள்ள காந்தம் மேலே போய் அதில் ஒட்டிக்கொள்ளும். சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. வற்றியதும் கிடுகிடுவென ஏறும். 103 பாகை அளவில் ஃபெரைட் காந்தத்துக்கு மசியாது. பிடி விட்டுப்போகும், ஸ்பிரிங் காந்தத்தைக் கீழே தள்ளிவிடும், 'டக்'கென்று சூடாக்கும் சுவிட்ச் அணையும். ஆறினால் பழைய குணம் திரும்பிவிடும், நாளைக்கும் அதே வேலை.

தமிழில் என்ன சொல்வது? 'கியூரி வெப்பநிலை' போதும். பொருள் விளங்க வேண்டுமானால் 'காந்தமிழக்கும் வெப்பநிலை' என்று எழுதலாம். 'காந்தம்' வடமொழி 'அயஸ்காந்த'த்திலிருந்து வந்தது: அயஸ் இரும்பு, காந்தம் விருப்பத்துக்குரியது. நம் 'காந்து' என்ற வினை வேறு. அதற்குச் சூட்டில் கருகுதல் என்று பொருள். சட்டி அடியில் பிடிக்கும் காந்தல் அதிலிருந்து வந்தது. ஒலிதான் ஒன்று, உறவில்லை. ஆனாலும் குக்கருக்குள் இரண்டும் சந்தித்துக்கொள்கின்றன.

அதிலும் இலங்கை மலையகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே. கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது, காந்தம் விடுவதற்கு இன்னும் 3 பாகைதான் பாக்கி. 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும்; வற்றிய பின் 9 பாகை ஏற வேண்டும். ஃபெரைட்டுக்கு மலையும் தெரியாது, கடற்கரையும் தெரியாது. அந்த இடைவெளியில் அடிச்சோறு காந்தத்தான் செய்யும். "காந்திருச்சு" என்று அம்மா குக்கரைத் திட்டுவார், நாங்கள் அந்தக் காந்தலுக்குச் சண்டை போடுவோம்.