பக்கத்து வயலில் பெரும் பன்றிப்பண்ணை வரும்போது: ஐயோவா கவுண்டி மக்களுக்கு உள்ள உரிமைகள்

அமெரிக்காவிலேயே மிக அதிகமாகப் பன்றி வளர்க்கும் மாநிலமான ஐயோவாவில், நம்மூர் மாவட்டங்களைப் போன்ற நிர்வாகப் பகுதிகளான கவுண்டிகள் 99 உள்ளன. அவற்றின் கிராமப்புறச் சாலைகளில் செல்பவர்கள், மக்காச்சோள வயல்களுக்கு நடுவே சன்னல்களுக்குப் பதில் பெரிய விசிறிகள் பொருத்தப்பட்ட நீண்ட கொட்டகைகளைக் காணலாம். உள்ளே இடைவெளி விட்டுப் பதித்த கான்கிரீட் தளத்தின் வழியே கழிவு கீழே உள்ள ஆழ்குழியில் விழுந்து மாதக்கணக்கில் தேங்குகிறது. இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் அதை இறைத்து வயல் மண்ணில் செலுத்துவார்கள். அந்த நாட்களில் வீட்டுக் கதவுகளை அடைத்து வைத்தாலும் வாடை உள்ளே வந்துவிடும்.

இத்தகைய பண்ணையை ஓர் ஊரில் அனுமதிப்பதா, மறுப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அந்தக் கவுண்டி நிர்வாகத்திடம் இருப்பதாகவே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அந்த அதிகாரம் மாநில அரசின் இயற்கை வளத் துறையிடம்தான் உள்ளது. கால்நடைப் பண்ணைகளைக் கட்டுப்படுத்தத் தானே விதிகள் இயற்றிய ஹம்போல்ட் கவுண்டியின் முயற்சியை, அவை மாநிலச் சட்டத்திற்கு முரணானவை என்று 1998இல் ஐயோவா உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. கவுண்டிக்கு எஞ்சியிருப்பது பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே. அதையும் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். கவுண்டியின் மேற்பார்வையாளர் குழு ஜனவரி மாதத்திற்குள் கட்டுமான மதிப்பீட்டுத் தீர்மானத்தை நிறைவேற்றினால்தான், மாஸ்டர் மேட்ரிக்ஸ் எனப்படும் மதிப்பெண் அட்டவணையைக் கொண்டு விண்ணப்பங்களை மதிப்பிட அதற்கு வழி பிறக்கும். ஆகவே ஜனவரிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அந்தத் தீர்மானம் இருக்கிறதா என்று பார்ப்பதே ஊராரின் முதல் வேலை.

அட்டவணையில் 44 கேள்விகளும் 880 மதிப்பெண்களும் உள்ளன. காற்று, நீர், சமூகம் ஆகிய மூன்று பிரிவுகளிலும் குறைந்தபட்ச மதிப்பெண்களோடு மொத்தம் 440 பெற்றால் விண்ணப்பம் தேறிவிடும். எந்தக் கேள்விகளுக்கு மதிப்பெண் கோருவது என்பதை விண்ணப்பதாரரே தேர்ந்துகொள்ளலாம். கவுண்டி எதிர்த்துப் பரிந்துரைத்தாலும், மதிப்பெண் கணக்கு சரியாக இருந்து மற்ற விதிகளும் நிறைவேறியிருந்தால் துறை அனுமதி தரும். எனவே பொதுக் கூட்டத்தில் “எங்களுக்கு இது வேண்டாம்” என்று மட்டும் சொல்வதால் பயன் குறைவு. வரைபடத்தில் காட்டப்படாத கிணறு, தவறாக அளக்கப்பட்ட தூரம், எரு இடுவதாகக் குறிப்பிட்ட நிலம் உண்மையில் கைவசம் இல்லாமை போன்றவற்றைச் சான்றுடன் எழுத்தில் தருவதுதான் எடுபடும். விண்ணப்பம் கவுண்டியை அடைந்த 30 நாட்களுக்குள் பரிந்துரை போய்ச் சேர வேண்டும் என்பதால், நாளிதழில் அறிவிப்பு வந்த அன்றே கோப்பைக் கேட்டு வாங்குவது நல்லது.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கட்டுமான அனுமதியும் மதிப்பெண் அட்டவணையும் 1,000 கால்நடை அலகுகளில்தான் தொடங்குகின்றன; அலகு என்பது கால்நடைகளை வகைக்கேற்ப எண்ணும் அளவு. கொழுக்க வைக்கும் பன்றி ஒன்றுக்கு 0.4 அலகு என்பதால், 2,500 பன்றிகள் என்றால் அந்த எல்லை வந்துவிடும். 2,499 பன்றிகளுக்கான கொட்டகைக்கு அட்டவணையே பொருந்தாது. ஒரு பன்றி குறைந்ததால் கழிவு குறைவதில்லை. ஊராரின் குரல் மட்டும் குறைந்துவிடுகிறது, அது நியாயமல்ல என்றே கருதுகிறேன். இருந்தாலும் அத்தகைய கொட்டகைக்கும், பண்ணையைச் சாராத அண்டை வீட்டிலிருந்து பொதுவாக 1,250 அடி இடைவெளி வேண்டும். 1,000 அலகைத் தொட்டால் அது 1,875 அடி. 500 அலகுக்கு மேற்பட்ட பண்ணை எரு மேலாண்மைத் திட்டத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். எந்த வயலில் எவ்வளவு எரு இடப்படும் என்பதைக் காட்டும் அந்தத் திட்டத்தை எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

குழாயோ குழியோ உடைந்து எரு ஓடையில் கலந்தால், அதை அறிந்த 6 மணி நேரத்திற்குள் பண்ணையாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஓடையில் மீன்கள் செத்து மிதப்பதைக் காண்பவர்களும் உடனே துறையை அழைக்கலாம்.

குடிநீர்தான் எனக்கு அதிகக் கவலை தருவது. எருவிலிருந்து உருவாகி, பயிர் எடுத்துக்கொள்ளாமல் எஞ்சும் நைட்ரேட் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. வடகிழக்கு ஐயோவாவைப் போலச் சுண்ணாம்புப் பாறை விரிசல்கள் உள்ள இடங்களில் அது இன்னும் விரைவாகக் கீழே போகும். பொதுக் குடிநீருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் என்ற வரம்பை, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனை அளந்து, கூட்டாட்சி அரசு வகுத்திருக்கிறது. தனியார் கிணறுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இந்த வரம்பைத் தாண்டிய நீரில் பால் மாவு கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். நீரைக் காய்ச்சினால் நைட்ரேட் போகாது, செறிவுதான் கூடும். தனியார் கிணறுகளைப் பரிசோதிக்க மாநில அரசு கவுண்டிகளுக்கு நிதி வழங்குகிறது. கவுண்டி சுகாதார அலுவலகத்தை அழைத்தால், அந்த நிதியைக் கொண்டு நைட்ரேட்டும் நுண்ணுயிரும் இருக்கின்றனவா என்று சோதித்துத் தருவார்கள். பண்ணை வருவதற்கு முன்பே ஒரு முறை பரிசோதித்து அந்த அறிக்கையைப் பத்திரப்படுத்தி வைத்தால், பிற்காலத்தில் நீர் மாறியிருப்பதைக் காட்ட அதுவே சான்றாகும்.